போர்க்களக் கடிதமும் வாய்மை என்னும் அறமும்

போர்முனையில் இருப்பவன் தன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் உண்மை எவ்வளவு இடம்பெற வேண்டும் என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் தணிக்கை பற்றிய கேள்வியாகவும், உளநூலார் அச்சத்தையும் அதை மறைப்பதையும் பற்றிய கேள்வியாகவும் கையாண்டுவந்துள்ளனர். அவற்றுக்கெல்லாம் முன்பே அது ஓர் அறக்கேள்வி. பொய் எப்போதேனும் தகுமா என்று சமயங்களும் மெய்யியல்களும் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கின் ஒரு கிளை. பதுங்குகுழியில் அமர்ந்து, அன்று காலை அருகில் நின்றவன் மாண்டதைக் கண்ட பின்பும், தான் நலமாக இருப்பதாகவும் கவலை வேண்டாம் என்றும் தாய்க்கு எழுதுகிறவன் பொய்யனா என்று கேட்டால், இல்லை என்று உடனே சொல்லிவிடத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே இக்கேள்வியை நின்று ஆராய வேண்டியதற்குக் காரணம். ஏனெனில், இரக்கம் உள்ள இடத்தில் வாய்மைக்கு விலக்கு உண்டு என்னும் பெரிய கொள்கை ஒன்றை அந்த விடை ஆராயாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

மேலைக் கிறித்தவ மரபில் அக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430). பொய்யைப் பற்றி 395ஆம் ஆண்டளவில் ஒரு நூலும், பொய்க்கு எதிராக 420ஆம் ஆண்டளவில் மற்றொரு நூலும் அவர் எழுதினார். அவருடைய வரையறைப்படி, சொல்லப்பட்ட செய்தி தவறாக இருப்பதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது. நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு, பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு வேறொன்றைச் சொல்வதே பொய். இரண்டாம் நூலில் அவர் எடுத்துக்கொள்ளும் ஓர் எடுத்துக்காட்டு, போர்க்கால வீடுகளை நினைத்தே புனையப்பட்டதோ என ஐயுறும்படி பொருந்துகிறது. சாகும் நிலையில் படுத்திருக்கும் ஒருவனுடைய மகன் இறந்துவிட்டான். தந்தைக்கு அது தெரியாது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று அவன் கேட்கிறான். இருக்கிறான் என்றாலும் பொய், தெரியாது என்றாலும் பொய். இறந்துவிட்டான் என்பது மட்டுமே உண்மை, அந்த உண்மையோ நோயாளியைக் கொன்றுவிடக்கூடும். இவ்விடத்தில் தம் நெஞ்சும் கலங்குவதை அகுஸ்தீன் மறைக்கவில்லை. ஆயினும், ஓர் உயிருக்காகப் பொய்யை ஒருமுறை அனுமதித்தால் பின்பு எங்கே நிறுத்துவது என்று கேட்டு, பொய் கூடாது என்றே முடிவு செய்கிறார். வாயை மூடிக்கொண்டு உண்மையை மறைப்பதும் வாயைத் திறந்து பொய்யைச் சொல்வதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை மட்டும் அவர் ஏற்கிறார். அவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

மகாபாரதத்தில் இதே காட்சி தலைகீழாக நிற்கிறது. அங்கே மகன் உயிரோடிருக்கிறான். அவன் மாண்டுவிட்டதாகப் போர்க்களத்தில் நிற்கும் தந்தையிடம் சொல்லப்படுகிறது. அசுவத்தாமன் என்னும் பெயருள்ள யானையைக் கொன்றுவிட்டு, அந்தப் பெயரை யுதிட்டிரன் உரக்கச் சொல்லி யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சேர்த்தபோது, துரோணர் படைக்கலத்தை வைத்துவிட்டார். அதுவரை நிலத்துக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் ஓடிய யுதிட்டிரனின் தேர் அன்று மண்ணைத் தொட்டது. ஆனால் அதே காப்பியத்தின் கர்ண பருவத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குக் கௌசிகன் என்னும் முனிவனின் கதையைச் சொல்கிறான். எப்போதும் மெய்யே பேசுவதென நோன்பு பூண்ட கௌசிகன், கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் போன வழியை அக்கொள்ளையரிடமே மெய்யாகச் சொல்லிவிட்டு நரகம் புகுந்தான். 1797இல் இம்மானுவேல் காண்ட், நண்பனைக் கொல்லத் தேடிவந்து வாசலில் நிற்பவனிடமும் பொய் சொல்ல உரிமை இல்லை என்று வாதிட்டபோது, இந்தியப் புராணிகரின் கணக்குப்படி அவர் கௌசிகனின் பக்கத்து இடத்துக்கு மனுச் செய்துகொண்டிருந்தார் எனலாம்.

தமிழில் இவ்வழக்கில் முதலில் அழைக்கப்பட வேண்டிய சான்று திருக்குறளின் வாய்மை அதிகாரம். தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே வாய்மை என்று தொடங்கும் அவ்வதிகாரம், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளிலேயே சொல்லிவிடுகிறது. வீரனின் ஆறுதல் கடிதத்துக்கு இதுவே போதிய உரிமைச்சீட்டு என்று மேற்கோள் காட்டுவோர் உண்டு. பரிமேலழகரின் உரையைப் பார்த்தால் அவ்வளவு எளிதில் அந்தச் சீட்டுக் கிடைப்பதில்லை. கேட்டையோ சாவையோ அடையும் நிலையில் நிற்கும் ஓர் உயிர், அந்தப் பொய்யினாலேயே அதிலிருந்து நீங்கி இன்புறுவதையே அவர் அந்நன்மைக்கு விளக்கமாகக் காட்டுகிறார். இந்த அளவுகோலைக் கடிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் இடர் தெரிகிறது. சாவின் வாயிலில் நிற்பது தாய் அல்லள், மகன். அவன் நலம் என்று எழுதுவதனால் அவனுடைய உயிருக்கு ஒரு காப்பும் கிடைப்பதில்லை. தாய்க்கு ஒரு வாரத் தூக்கம் கிடைக்கலாம். அது சிறிய நன்மை அன்று. ஆயினும் உரையாசிரியர் கேட்டது உயிர்மீட்பு.

கொள்கை அளவில் இவ்வாறு முடிச்சு விழுந்த நிலையில், உண்மையான கடிதங்களைப் பார்ப்பது நல்லது. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். லாகூர், மீரட் என்னும் பெயர்களைக் கொண்ட இரு காலாட்படைப் பிரிவுகள் 1914ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, பிளாந்தர்ஸ் பகுதியின் சேற்றுக் குழிகளில் நிறுத்தப்பட்டு, 1915 மார்ச் மாதத்து நவ் ஷப்பெல் போர் உள்ளிட்ட பெருஞ்சண்டைகளில் ஆயிரக்கணக்கானோரை இழந்து, அவ்வாண்டின் இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டன. குதிரைப்படையினர் 1918 வரை பிரான்சில் இருந்தனர். பஞ்சாபியரும் கடுவாலிகளும் பட்டாணியரும் பிறருமான இவர்கள் எழுதிய கடிதங்கள், இந்திய அஞ்சலுக்கென்று பிரான்சில் அமைக்கப்பட்ட தணிக்கை அலுவலகத்தில் திறந்து படிக்கப்பட்டன. அதன் முதல் தலைவர் ஹவல் என்னும் இந்தியக் குடிமைப் பணி அதிகாரி. வாரந்தோறும் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளோடு ஆங்கிலத்தில் பெயர்த்த கடிதப் பகுதிகளும் இணைக்கப்பட்டன. அப்பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் உள்ளன. டேவிட் ஓமிசி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999இல் வெளிவந்தது. வீட்டுக்கு எழுதியவை அரசின் ஆவணமாகிப் பிழைத்தன என்பதை மறக்காமல் அவற்றைப் படிக்க வேண்டும்.

இக்கடிதங்களின் பிறப்பும் பயணமும் அகுஸ்தீனின் எடுத்துக்காட்டில் இல்லாத பல கைகளைக் கொண்டவை. வீரர்களில் பெரும்பான்மையோர் எழுதப்படிக்க அறியாதவர். படைப்பிரிவிலிருந்த எழுத்தரோ எழுத்தறிந்த தோழனோ எழுதித்தர, அதைப் படையின் அதிகாரி பார்த்து, பின்பு தணிக்கை அலுவலகம் பார்த்து, வாரக்கணக்கான கடற்பயணத்துக்குப் பின் ஊர் சேர்ந்ததும் அங்கும் எழுத்தறிந்த ஒருவர் உறவினர் சூழ்ந்திருக்க வாய்விட்டுப் படித்தார். இப்படி எழுதப்பட்ட ஒன்றை இருவர் நடுவே நடந்த அந்தரங்கப் பேச்சாகக் கொள்ள முடியாது. இசத் என்று அவர்கள் சொன்ன குலமானமும் ஊர்மானமும் கேட்போர் கூட்டத்தில் அமர்ந்திருந்தன. அச்சத்தை அச்சம் என்றே எழுதினால் அது மகனுடைய அச்சமாக நில்லாமல் வீட்டின் இழிவாகிவிடும். ஆகவே ஒரு சொல்லுக்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்வியே இங்குக் கலங்கிவிடுகிறது. அதோடு, இங்கு நலம், அங்கும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன் என்னும் வகையான தொடக்கம், கடிதம் என்றாலே வந்து அமரும் வாய்பாடு. மகன் களத்தில் நிற்பதை அறிந்த எவரும் அதை மருத்துவச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்லை. ஏமாற்றும் எண்ணமும் ஏமாறும் செவியும் இல்லாதபோது, அகுஸ்தீனின் சொந்த வரையறைப்படியே அது பொய் என்னும் வகைக்குள் வராது. கடுமையான அந்த ஆசிரியர் உருவகத்தையும் மறைபொருளையும் பொய்யின் பட்டியலிலிருந்து நீக்கியவர். வாய்பாட்டையும் நீக்கியிருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

கடிதங்களில் மறைப்பு இன்னொரு திசையிலும் நடந்தது. ஆராய்ச்சிக்கு இதுவே செழிப்பான இடம். வீட்டிலுள்ள தம்பியோ உறவினனோ படையில் சேர வேண்டாம் என்று எச்சரிக்க விரும்பியவர்கள், தணிக்கையாளர் கண்ணில் படாமல் அதைச் சொல்ல வழி தேடினர். மிளகு என்று இந்தியப் படையினரையும் மிளகாய் என்று ஆங்கிலப் படையினரையும் குறித்து, மிளகு தீர்ந்துபோய்க்கொண்டிருப்பதை எழுதிய கடிதம் ஒன்று வரலாற்று நூல்களில் புகழ்பெற்றது. தணிக்கையாளர்கள் பொருளைக் கண்டுகொண்டார்கள் என்பதனாலேயே அது பிழைத்தும் இருக்கிறது. காயம்பட்டு மருத்துவமனையில் தேறியவர்களை ஊருக்கு அனுப்பாமல் மீண்டும் களத்துக்கே அனுப்பிய வழக்கத்தைப் பற்றிய கசப்பும் பல கடிதங்களில் உண்டு. இவ்வகை எழுத்துகள் ஆட்சேர்ப்பைக் கெடுக்கும் என்று அரசு அஞ்சியது இயல்பே.

இப்போது பரிமேலழகரின் அளவுகோலை மீண்டும் எடுத்து வைத்தால் தீர்ப்பு வேறாகிறது. சாவை எதிர்நோக்கி நிற்கும் ஓர் உயிர் இங்கே உண்மையாகவே இருக்கிறது. அது அடுத்த கப்பலில் ஏற்றப்படவிருக்கும் தம்பியின் உயிர். அரிசி பருப்புப் பேச்சாக வேடமிட்ட அந்த மறைமொழி அவ்வுயிரைக் காக்கக்கூடியது. குறள் தரும் விலக்கு, பலரும் நினைப்பதுபோலத் தாயைத் தேற்றும் கடிதத்துக்கு அன்று, அரசை ஏய்த்து வீட்டை எச்சரிக்கும் கடிதத்துக்கே முதலில் பொருந்துகிறது. யூத மறையின் யாத்திராகமத்தில், எபிரேய ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனே கொல்லும்படி எகிப்திய மன்னன் இட்ட ஆணையை மீறி, எபிரேயப் பெண்கள் வலிமையுள்ளவர்கள், தாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று அவனிடம் பொய் சொன்ன மருத்துவச்சியர் இருவரின் கதை உண்டு. கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றும் அந்நூல் சொல்கிறது. அகுஸ்தீனுக்கு இது தொல்லையான இடம். கடவுள் அவர்களுடைய இரக்கத்துக்கே பரிசளித்தார், பொய்க்கு அன்று என்று அவர் சமாளிக்கிறார். மிளகுக் கடிதம் அந்த அளவுக்குக்கூட அவரைத் தொல்லைப்படுத்தாது. அதில் பொய்யே இல்லை. உரியவர்க்கு உண்மையைச் சொல்லி உரிமை இல்லாதவரிடமிருந்து அதை மறைப்பதை, வாயை மூடிக்கொள்வதன் வகையாகவே கொள்ளலாம்.

உண்மை யாருக்கு உரியது என்ற இந்தக் கேள்வியைத் தேற்றும் கடிதத்தின் பக்கமும் திருப்ப வேண்டும். அதற்குப் பிரிட்டிஷ் படையில் வழங்கிய களப்பணி அஞ்சலட்டை நல்ல கருவி. அதில் வாக்கியங்கள் முன்னதாகவே அச்சிடப்பட்டிருந்தன: நலமாக இருப்பதாக ஒன்று, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாக ஒன்று, கடிதம் கிடைத்ததாக ஒன்று. பொருந்தாதவற்றை வீரன் அடித்துவிட்டு, தேதியும் கையொப்பமும் மட்டும் இடலாம். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை இருந்தது. களைத்திருக்கிறேன் என்றோ அஞ்சுகிறேன் என்றோ அடிக்கவும் ஒரு வரி அதில் இல்லை. ஒருவன் தன் தாயின் மனம் நோகாமலிருக்க நலம் என்று எழுதும்போது அவ்வாய்பாடு அவனுடையது. அதே வாய்பாட்டை அரசு அச்சிட்டு நீட்டும்போது, ஆறுதலடைபவர் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தாயின் தூக்கமும் ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் வசதியும் ஒரே வாக்கியத்தில் நிறைவேறுகின்றன. குறள் கேட்ட நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். அந்த அடைமொழியைத் தாண்டிப்போக இந்த அட்டையால் இயலாது. 1915 முதல் வழங்கிய பச்சை உறை சற்றே மேலானது: உள்ளே இருப்பது குடும்பச் செய்தி மட்டுமே என்று வீரன் தன் மானத்தின்மேல் உறுதியளித்துக் கையொப்பமிட்டால், படைப்பிரிவின் அதிகாரி அதைப் படிப்பதில்லை. அதிகாரிகள் தம் கடிதங்களைப் பெரும்பாலும் தம் பொறுப்பிலேயே எழுதினர். கவிஞர் வில்பிரட் ஓவன் 1917இன் தொடக்கத்தில் தம் தாய்க்குக் களத்தின் கொடுமையை ஏறக்குறைய ஒளிவின்றி எழுத முடிந்ததற்கு அவருடைய துணிவோடு அவருடைய பதவியும் ஒரு காரணம். வாய்மைக்கும் படிநிலை இருந்தது.

கடிதத்தின் இறந்தகாலமும் நிகழ்காலமும் இவ்வாறாக, எதிர்காலம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. திரும்பி வருவேன் என்று எழுதுவது மெய்யா பொய்யா? இப்படிப்பட்ட கூற்றுகளை ஆராய அரிஸ்டாட்டில் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் போரே: நாளை கடற்போர் நடக்கும் என்று இன்று சொன்னால், அது இன்றே மெய்யாகவோ பொய்யாகவோ இருந்தாக வேண்டுமா என்று அவர் கேட்டு, எதிர்காலத்தில் எவ்வழியும் நிகழக்கூடியவற்றைப் பற்றிய கூற்றுகளை அவ்வாறு முன்கூட்டியே முடித்துவிட முடியாது என்னும் திசையில் விடை தருகிறார். தருக்கவியலார் இன்றும் சண்டையிடும் இடம் அது. சமயங்கள் இதைத் தருக்கமாக விடாமல் நாவின் ஒழுக்கமாக ஆக்கின. நாளை இதைச் செய்வேன் என்று, இறைவன் நாடினால் என்பதைச் சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனின் 18ஆம் அத்தியாயம் பணிக்கிறது. புதிய ஏற்பாட்டின் யாக்கோபு திருமுகம் வணிகப் பயணத் திட்டம் போடுவோர்க்கு அதையே கூறுகிறது. சீக்கியர் அனைத்தும் ஹுக்கம், அதாவது இறைவனின் ஆணை, என்று கொண்டு அதற்கு இசைந்து நிற்பதை அறமாக்கினர். இந்துக்களின் ஊழும் வினையும் தமிழ் வாசகர்க்கு விளக்கம் வேண்டாதவை.

பிரான்சிலிருந்து சென்ற கடிதங்களில் இத்தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இறைவன் காத்தால், பரமேசுவரன் அருளினால், எழுத்தில் இருந்தால் திரும்பி வருவேன் என்னும் வகையிலேயே எதிர்காலம் பேசப்படுகிறது; சிலர் இப்போரைப் பாரதப் போரோடு ஒப்பிட்டு, உலகின் முடிவு போன்றது என்கின்றனர். இவற்றைப் படிப்பறிவில்லாதவர்களின் விதிநம்பிக்கை என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பு மேலோட்டமானது. சாவேன் என்று எழுத முடியாது. தணிக்கையும் மானமும் தாயின் முகமும் தடுக்கின்றன. வருவேன் என்று எழுதவும் முடியாது. இறைவனின் உரிமையில் கைவைப்பது ஆகும். இறைவன் நாடினால் என்னும் நிபந்தனை ஒன்றுதான் இரண்டுக்கும் நடுவே திறந்திருந்த வழி, அதன் வழியாகவே உண்மை வெளியேறியது. அந்த நிபந்தனையைக் கேட்ட ஊர், அது வழிபாட்டுச் சொல் என்பதையும் அறியும், சாவு அருகில் இருக்கிறது என்னும் செய்தி என்பதையும் அறியும். சமயத் தொடர் இங்கே தேற்றரவாக மட்டும் நிற்கவில்லை. அக்கடிதத்தில் பொய் கலக்காத வாக்கியம் பெரும்பாலும் அது ஒன்றே.

தணிக்கையாளரும் இதை ஒருவகையில் உணர்ந்திருந்தார். வீரர்களின் கடிதங்களில் கவிதை தலைகாட்டத் தொடங்கியதை 1915இன் தொடக்கத்தில் கண்ட ஹவல், அதை மனக்கலக்கத்தின் கவலைக்குரிய அறிகுறியாகத் தம் அறிக்கையில் குறித்தார். கவிதையை நோய்க்குறியாகப் பார்த்த அதிகாரியை நகைப்பது எளிது. ஆனால் அவர் தவறாகப் படிக்கவில்லை, சரியாகப் படித்ததைப் படையின் மனவுறுதி என்னும் ஒற்றைப் பத்தியில் பதிந்துகொண்டார் என்பதே குறை. அதே கண்ணுக்கு, இறைவன்மேல் பாரத்தைப் போட்ட கடிதங்கள் பணிவின் அறிகுறியாகவும் தோன்றலாம். இங்கே நேர்மையான ஒரு மறுப்புக்கு இடம் உண்டு: எல்லாம் அவன் செயல் என்று வீரன் எழுதும்போது, அவனைச் சேற்றில் நிறுத்தியது கடவுள் அன்று, ஓர் அமைச்சரவை என்னும் உண்மை மறைந்துபோகிறதே என்று ஒருவர் சொல்லலாம். மறுப்பில் வலு இருக்கிறது. ஆயினும் மிளகுக் கடிதமும் இறைவன் நாடினால் என்னும் கடிதமும் ஒரே குழிகளிலிருந்து சென்றவை. ஊழை ஏற்றவர்களே தம்பியை அனுப்பாதே என்றும் எழுதினார்கள். தம் சாவை இறைவனுக்கு விட்டவர்கள் பிறர் சாவைத் தடுப்பதைத் தம் கடமையாக வைத்துக்கொண்டதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை; கருத வேண்டியதும் இல்லை.

இவ்வளவுக்குப் பின்னும் எந்த விலக்குக்குள்ளும் அடங்காத கடிதங்கள் எஞ்சுகின்றன. களத்துக்கு வெகு பின்னால் பாதுகாப்பாக இருப்பதாக, அப்படி இல்லாதவன் விவரத்தோடு எழுதுவது வாய்பாடு அன்று. நம்பவைக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்டது. மாண்டவன் ஒரு நொடியில், வலியின்றி மாண்டான் என்று அதிகாரி குடும்பத்துக்கு எழுதிய இரங்கல் கடிதமும் பலமுறை இவ்வகையே. இவற்றைக் குறளின் துணைகொண்டு வாய்மை ஆக்கிவிட முயல்வதைவிட, அகுஸ்தீன் பிற்காலத்தில் எழுதிய நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு பற்றிய கைந்நூலில் சொன்னதை ஏற்பதே நேர்மை: பிறர் நன்மைக்காக மட்டுமே பொய் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டவர்கள் நன்மையில் வெகுதூரம் முன்னேறியவர்கள், புகழத்தக்கது அவர்களுடைய நல்லெண்ணம், பொய்க்கு மன்னிப்பு போதும், புகழ் வேண்டியதில்லை. மன்னிப்பு என்பது கேட்பவர் ஒருவரும் தருபவர் ஒருவரும் இருக்கும் உறவு. தேற்ற விரும்பிப் பொய் எழுதிய மகன், உயிரோடு திரும்பினால், அதைத் தாயிடம் கேட்டுப் பெறலாம். திரும்பாவிட்டால் அவள் கேட்கப்படாமலே கொடுத்திருப்பாள். அச்சிட்ட வாக்கியங்களைக் கொண்ட அட்டையைத் திட்டமிட்டு வழங்கியவர்கள் அதை யாரிடம் கேட்பது என்பதற்கு அகுஸ்தீனிடமும் விடை இல்லை, பரிமேலழகரிடமும் விடை இல்லை. இருவருமே பொய்யைத் தனிமனிதனின் நாவில் வைத்து ஆராய்ந்தவர்கள்.